பெரியப்பாவின் குரலும் சொறிப் பெட்டியும்

2025 நவம்பர். விடிந்தும் விடியாத நேரம். பெரிமா வந்து கதவைத் தட்டினாள். ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கையில் போன்.

"டேய், ஒங்க பெரிப்பா வாயத் தொறக்க மாட்றாருடா."

பெரியப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது. கொரோனா இரண்டாம் அலையில் போனவர். ஆனாலும் பெரிமா சொன்னதில் தப்பில்லை. தினமும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் தட்டுவாள். 2019இல் நான் எடுத்த நாற்பத்தோரு நிமிஷப் படம் ஓடும். படம் என்றால் பெரிய படமில்லை. கருங்கல்மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது. பெரியப்பாவின் தாடையும் பாதி காதும் தெரியும், பின்னால் ஏரி தெரியும். குரல் மட்டும் சுத்தமாக இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அவள் நண்டு பார்க்கப் போவாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். சர்வரின் பதிப்பு பழையது, இந்தச் செயலி அதோடு பேசாது என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி. பேரன் இரண்டு நாள் முன்னால் உடைந்த கண்ணாடியை மாற்ற அந்தப் போனைப் பொன்னேரிக்கு எடுத்துப்போயிருக்கிறான். கடையில் வைஃபை இருந்திருக்கிறது. செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நம் பெட்டி அப்படியே பழசாக நின்றுவிட்டது. அந்த வாரத்துக்குள் காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கம் வேலைக்குப் போய்வருகிற பையன்கள் போனெல்லாம் ஒவ்வொன்றாக அதே வரியைக் காட்ட ஆரம்பித்தன.

பழவேற்காடு ஏரியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது மூன்று விஷயம். பூநாரை, டச்சுக்காரன் கல்லறை, நண்டு. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம் பக்கம். 'பாடு' என்று ஒன்று இங்கே இருப்பது ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குத் தெரியும். பாடு என்றால் முறை. மீன் நன்றாகப் படுகிற இடங்களை, முக்கியமாக முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களை, இன்ன நாள் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. ஏரியை அழியாமல் காத்த முறை என்று மெச்சி எழுதியிருக்கிறார்கள். பொய்யில்லை. ஒருத்தனை ஒருத்தன் மிதித்துக்கொண்டு வலை போடாமல் தடுத்தது அதுதான். ஆனால் அந்தச் சீட்டில் பேர் ஏற வேண்டுமென்றால் பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும், பாடு உள்ள குப்பத்தில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். காலனிக்காரனுக்குச் சீட்டு கிடையாது. இருளருக்கும் கிடையாது. எங்களுக்கு விட்டது ஓரச் சேறு, இராத்திரி நேரம், பத்து விரல்.

பெரியப்பா அந்தப் படத்தில் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

"இடுப்பளவு தண்ணியில குந்திக்கினு கையால தடவிக்கினே போவணும். எறா வெரலுல குத்தும். புடிச்சிப் பறியில போட்டுக்கினு போவோம். வலைன்னு ஒண்ணு வாங்கனது எனக்கு முப்பது வயசுல. நாலு நாளு. அஞ்சாம் நாளு அறுத்துட்டானுங்க. ராக்கெட்டு போற நாளுல தண்ணியில போட்டு எறக்கக்கூடாதுன்னு போலீசு சொல்லுவான். எல்லாரும் திட்டுவானுங்க, ஒரு நாளு பொழப்பு போச்சேன்னு. எனுக்குச் சிரிப்பு வரும். எங்குளுக்கு எந்நாளும் ராக்கெட்டு நாளுதான?"

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் இந்தப் பக்கத்து மீனவர்களைக் கடலுக்கு விடமாட்டார்கள். 1971இல் அங்கே முதல் ராக்கெட் போனபோது பெரியப்பா கைப்பிள்ளை. வலையை அறுத்தது எந்தக் குப்பம், யார் யார் என்று படத்தில் பேர் சொல்கிறார். அவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். சந்தையில் பெரிமாவிடம் நண்டு விலை கேட்பார்கள்.

அதனால்தான் இந்தப் படத்தை ஊர் உலகத்துக்குப் போடவில்லை. 2020இல் வேறொரு கிழவர் பேசியதை ஒரு பொதுத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கீழே சாதிப் பேர் சொல்லி எழுத ஆரம்பித்தார்கள். கிழவரின் பேத்தி கல்லூரியில் அதைப் படித்துவிட்டு வந்து அழுதாள். எடுத்துவிட்டேன். எங்கள் பேச்சு எங்களிடம் இருக்க வேண்டும், எங்கள் சனம் எப்போது வேண்டுமானாலும் கேட்க வேண்டும், யாருக்குக் காட்டலாம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வழி தேடினேன்.

2022இல் சென்னை ரிச்சி தெருவில், ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். இரவுப் பள்ளிக் கட்டடத்தில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே வைத்தோம். பக்கத்தில் ஒரு வைஃபை ரவுட்டர். மூன்று வரிசை வீடுகளுக்கு எட்டும். கிழவர்கள் பேசியது, கிழவிகள் பாடியது, சாவு வீட்டு ஒப்பாரி, கல்யாண வீடியோ, பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம், எல்லாம் அதற்குள். இண்டர்நெட் வேண்டாம், மாசக் கட்டணம் வேண்டாம். வீட்டுக்கு வீடு போனில் ஒரு செயலி இருந்தால் போதும், திறந்து பார்க்கலாம், கேட்கலாம். அந்த மென்பொருளின் பேர் ஜெல்லிஃபின்.

ஜெல்லி என்றால் எங்களுக்குச் சொறி. வலையில் மாட்டினால் கையெல்லாம் எரியும். ஃபின் என்றால் செட்டை. "சொறிக்கு ஏதுடா செட்டை?" என்று பையன்கள் சிரித்தார்கள். பெட்டிக்குச் சொறிப் பெட்டி என்றே பேர் விழுந்துவிட்டது. சர்வர் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. "சர்வருன்னா ஓட்டல்ல மேசை தொடைக்கிறவன்தான?" என்றாள் பெரிமா. செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியபோது அதைவிட வேடிக்கை. சர்வரைத் தமிழில் சேவையகம் என்கிறார்கள். "சேவையா? இன்னும் யாருக்குடா சேவை செய்யணும்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. உலகம் பூராவும் ஆட்கள் சும்மா உட்கார்ந்து இதை மொழிபெயர்க்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்த் திருத்தலாம். என் அக்கா மகள் பொன்னேரிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நம்ம வாய்க்கு வருகிற வார்த்தையாய் ஒன்று யோசி என்று.

இந்த மென்பொருள் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. எம்பி என்று ஒன்று இருந்தது. அதன் மூலநிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. பலபேர் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 2018இல் அதை நடத்தியவர்கள் கதவைச் சாத்தினார்கள், இனி நிரலைக் காட்டமாட்டோம் என்று. உரிமத்தில் ஒரு விதி இருந்தது. ஏற்கெனவே திறந்து விட்டதை யார் வேண்டுமானாலும் எடுத்து மேற்கொண்டு செய்யலாம், செய்து கொடுப்பதையும் திறந்தே கொடுக்க வேண்டும். அந்த வருஷம் டிசம்பரிலேயே சிலபேர் கடைசியாகத் திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஜெல்லிஃபினை ஆரம்பித்துவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு நடக்கலாம் என்று ஒரு சட்டம்! இராத்திரி இதைப் படித்துவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, கதைக்கு வருகிறேன். பெரிமாவுக்கு அன்றைக்கே வழி செய்தாக வேண்டும். அக்கா மகள் புதுச் செயலியை எடுத்துவிட்டு, பழைய பதிப்பின் ஏபிகே கோப்பைத் தேடி இறக்கிப் போட்டாள். பழைய பதிப்புகளை அந்த ஆட்கள் அழிப்பதில்லை, வரிசையாக வைத்திருக்கிறார்கள். தானாகப் புதுப்பிக்கிற வசதியை நிறுத்தினாள். பெரியப்பா பேசினார். பெரிமா போனாள்.

"மாமா, இது ஓட்டைக்கு ஒட்டுப் போடறது. எத்தன போனுக்குப் போடுவீங்க? பெட்டியத்தான் ஏத்தணும். நீங்க மூணு வருஷமா தொடவேயில்ல."

உண்மை. தப்பு செயலியில் இல்லை. புதுப்பித்தால் எதாவது கெட்டுப்போகுமோ என்ற பயத்தில் நான்தான் 2022இல் போட்ட 10.8ஐ அப்படியே விட்டிருந்தேன். இடையில் 10.9, 10.10 வந்து போய், 2025 அக்டோபரில் 10.11 வந்துவிட்டது. அந்தக் கடைசி ஏற்றத்தில் தரவுத்தளத்தையே மாற்றி அடுக்குகிறார்கள். எந்தக் கோப்பு எங்கே, யார் எதைப் பார்க்கலாம், எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்ற கணக்கெல்லாம் அதில்தான். ஒருமுறை மாறிவிட்டால் பழையதுக்குத் திரும்ப முடியாது, பிரதி எடுத்து வைத்திருந்தால் உண்டு. அதனால் நேரே தாவாமல் முதலில் 10.10இன் கடைசி வடிவத்துக்கு ஏறி, ஓடுகிறதா என்று பார்த்து, அப்புறம் மேலே போவது என்று அவள் திட்டம் போட்டாள்.

பிரதி என்றதும் எனக்குத் தெம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, புயலுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துச் சென்னையில் நண்பனிடம் கொடுத்திருந்தேன். போன் போட்டேன். செருகிப் பார்த்துவிட்டு அவன் திரும்பக் கூப்பிட்டான். "டிக் டிக்குன்னு சத்தம்தான் வருது. திறக்க மாட்டேங்குது."

அந்த இரண்டு வருஷமும் எங்கள் சனத்தின் பேச்சு முழுக்க ஒரே ஒரு தகட்டில் இருந்திருக்கிறது. எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அன்று சாயங்காலம் இரவுப் பள்ளியில் கூடினோம். புது டிஸ்க் வாங்கக் காசு வேண்டும். என் அண்ணன் முறை ஒருவர், இயக்க வேலைகளில் முன்னால் நிற்பவர், கோபப்பட்டார். "முகத்துவாரம் தூந்துக்கினே கீது. எண்ணூர்ல சாம்பலு. காட்டுப்பள்ளியில துறைமுகத்தப் பெருசாக்கறேங்கறான். பட்டா மனு பாதியில நிக்கிது. நீ பொட்டியத் தடவிக்கினு குந்திக்கினு கீறே."

நியாயமான கோபம்தான். நானும் கோபமாகத்தான் பதில் சொன்னேன். "நாளைக்கு எவனாவது, நீங்க பரம்பரையா இந்த ஏரியில மீன் புடிச்சீங்கன்றதுக்கு இன்னா அத்தாட்சின்னு கேட்டா இன்னாண்ணா காட்டுவே? அவுங்களாண்ட சீட்டுப் போட்ட நோட்டு கீது. நம்மாண்ட கீறது வாயிதான். அந்த வாயி இந்தப் பொட்டியில கீது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, "பட்டா மனுவையும் நீதான் எழுதணும்" என்றார். எழுதினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

புது டிஸ்கில் நகல் எடுக்கவே ஒரு இராத்திரி போனது. நகல் எடுத்ததைத் திறந்து பார், நடுவிலிருந்து ஓட்டிப் பார், அப்புறம் நம்பு என்று அக்கா மகள் சொன்னாள். பார்த்தோம். மறுநாள் இராத்திரி ஏற்றம். கரண்டு போனால் பாதியில் நின்றுவிடுமே என்று மைக்செட் வைத்திருக்கிற மச்சானிடம் இன்வெர்ட்டர் கேட்டு வாங்கினோம். அவர் இன்வெர்ட்டரோடு தானும் வந்து உட்கார்ந்துவிட்டார். பெட்டி பழசு, தரவு மாறி அடுக்குவதற்கு மணிக்கணக்கில் ஆனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக ஏறுவதை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி என்று மச்சான் சொன்னார். விடியற்காலை முடிந்தது.

இறக்கத்துக்காகப் பெட்டியை ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தோம். காலையில் திறந்து பார்த்தால் பெரியப்பா படத்துக்கு மேலே ஒரு வெள்ளைக்கார நடிகன், கையில் துப்பாக்கி. கோப்புக்கு நான் வைத்திருந்த பேரைப் பார்த்து, ஏதோ சினிமா என்று நினைத்து இண்டர்நெட்டிலிருந்து தானாகவே சுவரொட்டி எடுத்து ஒட்டியிருக்கிறது! ஒப்பாரி ஒன்றுக்குக் காதல் படச் சுவரொட்டி. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 2022இல் நூலகத்தைச் சேர்க்கும்போது நான் 'சினிமா' வகை என்று கொடுத்துவிட்டேன், அப்போது இண்டர்நெட் இல்லாததால் தெரியவில்லை. வீட்டுப் படங்கள் என்ற வகையில் புதிதாகச் சேர்த்து, வெளியிலிருந்து தகவல் எடுக்கிறதை நிறுத்தினோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் அன்றைக்கு நடந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் பெண்கள் ஏழு பேர் 2023இல் பேசிப் பதிவு செய்தார்கள். இறால் பண்ணைகள் பெருகிய காலத்தில் கூலிக்குப் போனது, அங்கே நடந்தது. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. உப்பான கிணற்றையும் நிலத்தையும் பற்றி அதில் பேசினார்கள். இவர்கள் பேசியது வேறு. பெண்கள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. நான்கூடக் கேட்டதில்லை, பதிவு செய்தது அக்கா மகள்தான். ஜெல்லிஃபினில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு வைத்து, இன்ன நூலகம் இன்னாருக்கு என்று பிரிக்கலாம். அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம்.

ஏற்றம் முடிந்ததும் வைஃபையைப் போடும் முன்னால், ஒவ்வொரு கணக்கையும் சரிபார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். நாற்பத்தெட்டு கணக்கு. எனக்குத் தூக்கம். "எல்லாம் அப்பிடியேதான் இருக்கும், வுடு" என்றேன். அவள் விடவில்லை. பெரிமாவின் பேரன் கணக்கில் வந்து நிறுத்தினாள்.

"மாமா, இது எல்லாத்தையும் தொறக்குது."

ஏற்றத்தால் வந்ததில்லை. அந்த வாரம் அவசரத்தில் அவனுக்கு நான் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். போடும்போது எல்லா நூலகமும் திறக்கும்படி கொடுத்துவிட்டேன். நான் மாற்றவில்லை. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டவன் நான்தான்.

நடவடிக்கைப் பதிவு என்று ஒன்று உண்டு, யார் எதை ஓட்டினார்கள் என்று காட்டும். வரி வரியாகப் பார்த்தோம். அவன் திறக்கவில்லை. பாட்டு கேட்டிருக்கிறான், ஒரு கல்யாண வீடியோ பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். திருத்தினோம்.

"யாரும் பாக்கல. சொல்லணுமா?" என்று கேட்டேன். கேட்டதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஏழு பேரையும் கூப்பிட்டுச் சொன்னோம். நான் வாசலில் நின்றேன், உள்ளே அவள் பேசினாள். ஆறு பேர் சரி என்றார்கள். ஒருவர், எனக்குச் சித்தி முறை, வெளியே வந்து என்னிடம் நேராகச் சொன்னார். "என்னுத அழிச்சிடுப்பா."

அண்ணனுக்கு நான் சொன்ன வாதம், அத்தாட்சி, வாய், பெட்டி, எல்லாம் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. பெட்டியிலிருந்தும் நகல் எடுத்த டிஸ்கிலிருந்தும் அழித்தோம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். "போயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். நண்பனிடம் இருந்த செத்த டிஸ்கில் அது இருக்கிறதே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அதையும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய் வாங்கி வந்து, அவர் முன்னாலேயே கல்லில் வைத்து உடைத்தோம். அவரே ஒரு அடி போட்டார்.

பெட்டி சரியானதும் போன்களில் புதுச் செயலியைப் போட்டோம். பெரிமாவின் போனில் மட்டும் வெறும் வெள்ளைத் திரை. செயலியில் நாம் பார்க்கிற பக்கத்தைப் பெட்டிதான் அனுப்புகிறது, அதைக் காட்டுவது போனுக்குள் இருக்கிற வெப்வியூ என்கிற துண்டு. பெரிமாவின் போன் பேரன் கழித்துப் போட்டது, அந்தத் துண்டு ரொம்பப் பழசு. அதைத் தனியாகப் புதுப்பித்ததும் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆனது. அதுவரை பெரிமா என்னோடு பேசவில்லை.

இப்போது இரவுப் பள்ளியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தேதியில் எதைப் புதுப்பித்தோம், எந்தப் பதிப்பு, நகலைத் திறந்து பார்த்தது யார், கணக்குகளைச் சரிபார்த்தது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு. முறை வைத்திருக்கிறோம், ஆணும் பெண்ணுமாக ஆறு பேர். சீட்டுப் போட்டுத்தான் வரிசை எடுத்தோம். முதல் சீட்டு மைக்செட் மச்சானுக்கு விழுந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது, அக்கா மகள் கற்றுக்கொடுக்கிறாள்.

மச்சான் ஒரு யோசனையும் சொன்னார். பெரியப்பா படத்தில் நடுவில் இருமல் நிறைய வருகிறது, தன்னிடம் இருக்கிற கருவியில் போட்டால் அதை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் தெளிவாக்கலாம் என்று. நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரிமாவிடம் போய்க் கேட்டேன். நண்டுக் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருமலு இருக்கட்டும்டா. அது வந்தாத்தான் அடுத்தாப்ல என் பேரச் சொல்லுவாரு."